லேப்டாப்பில் காபி கொட்டினால்… (வாசகர் கேள்வி, நம்ம பதில்)

மழைக்காலம் வந்தாலே இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி ஈரமாகத்தான் இருக்கும். இந்த முறை வந்ததில் தண்ணீரோ காபியோ பட்ட கம்ப்யூட்டர், லேப்டாப் பற்றி இருந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். பிரிண்டர் பற்றியும் வைஃபை பற்றியும் எழுதியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம்.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், மூன்று நாள் முன்னாடி ராத்திரி படித்துக்கொண்டிருந்தபோது பால் காபி முழு டம்ளரும் கீபோர்டு மேல் கொட்டிவிட்டது. உடனே துண்டால் துடைத்தேன். ஆன் ஆகுதா என்று பார்த்தேன், ஆனது. பத்து நிமிஷம் நல்லாத்தான் ஓடியது, அப்புறம் தானாகவே அணைந்துவிட்டது. அதிலிருந்து ஆன் ஆகவில்லை. பாட்டி சொன்னார்கள் என்று அரிசி டிரம்மில் புதைத்து வைத்திருக்கிறேன். கடையில் காட்டியதற்குத் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு போச்சு என்று சொல்லி, புது லேப்டாப் விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள். என் பிராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக அரிசியிலிருந்து வெளியே எடுங்கம்மா. பாட்டி மேல் தப்பில்லை, ஊர் முழுக்க அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் மூடிய லேப்டாப்புக்குள் போர்டுக்கு (சிப்புகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்த மதர்போர்டுதான்) அடியில் நிற்கும் ஈரத்தை வெளியே இருக்கும் அரிசி உறிஞ்சி எடுக்காது. அரிசியின் மாவுத் தூசிதான் ஃபேனுக்குள்ளும் சார்ஜர் ஓட்டைக்குள்ளும் போய் உட்காரும். ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோன் உதவிப் பக்கத்தில் நனைந்த போனை அரிசியில் போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. போனுக்கே ஆகாதது லேப்டாப்புக்கு எப்படி ஆகும்?

அடுத்து, இன்னொரு தடவை பவர் பட்டனை அழுத்திப் பார்க்காதீர்கள். சார்ஜரும் போட வேண்டாம். பலரும் நினைப்பது மாதிரி தண்ணீர் பட்டவுடன் லேப்டாப் செத்துவிடாது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தவே கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்பு, சர்க்கரையோடு சேர்ந்து வரும் மற்ற சரக்குகள், பாலில் இருக்கும் தாதுக்கள், இதெல்லாம்தான் கடத்தும். போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிப்பின் இரண்டு உலோகக் கால்களுக்கு நடுவே இந்தக் காபி நின்று, ஒன்றில் கரன்ட் இருந்து மற்றதில் இல்லாமல் போனால், கரன்ட் இருக்கிற பக்கத்துச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அடுத்த பக்கம் போய்ப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்துக் கிடக்குமே, போர்டிலும் அதே வேலைதான் நடக்கும், ஆனால் முடி மாதிரி மெல்லிய இடங்களில். அந்த அரிப்புக்கு ஈரமும் வேண்டும், கரன்டும் வேண்டும். ஈரத்தை உடனே எடுக்க நம்மால் முடியாது, கரன்டை எடுக்க முடியும். அதனால்தான் "ஆன் ஆகுதா" என்று பார்க்கும் அந்த ஒரு ஆசையை அடக்கச் சொல்கிறோம். உங்கள் லேப்டாப் ஓடிய பத்து நிமிஷத்தில்தான் பெரும்பாலான சேதம் நடந்திருக்கும். சரி, நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் கூடாமல் பார்ப்போம்.

இதில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. லேப்டாப் அணைந்திருந்தாலும் பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை போர்டின் சில பாதைகளில் எப்போதும் கரன்ட் நிற்கும், பவர் பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக. ஆகவே மூன்று நாளாக அரிசியில் அது சும்மா தூங்கிக்கொண்டிருக்கவில்லை, அரிப்பு மெதுவாக நடந்துகொண்டுதான் இருக்கும். இன்றைக்கே பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பழைய மாடல் என்றால் அடியில் இருக்கும் தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இப்போது வருகிறவற்றில் பேட்டரி உள்ளேதான். அடி மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய ஏ.டி.எம் கார்டு மாதிரி ஒன்றால் ஓரத்தை நெம்பி, போர்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் இணைப்பை அதன் பிளாஸ்டிக் தலையைப் பிடித்துக் கழற்றலாம், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று ஒரு பேப்பரில் குத்தி வையுங்கள், நீளமானதைக் குட்டை ஓட்டையில் முறுக்கிப் போர்டையே துளைத்தவர்கள் உண்டு. கை நடுங்கும் என்றால் வேண்டாம், பக்கத்துக் கடையில் கொடுத்து உங்கள் கண் முன்னாலேயே பேட்டரியை மட்டும் கழற்றித் தரச் சொல்லுங்கள், சில நிமிஷ வேலை.

இப்போது காபி. வெறும் தண்ணீர் என்றால் காய்ந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. பால் காபி காய்ந்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், சர்க்கரையும் பால் கொழுப்பும் அப்படியே பசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நம்ம ஊர்க் கடற்கரைக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு, ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அந்தச் சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும், மறுபடி கடத்தும். "காய வைத்தேன் சார், ஒரு மாசம் நல்லா ஓடிச்சு, அப்புறம் திடீர்னு போயிடுச்சு" என்று எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் பதில் இதுதான். காய வைப்பது வேறு, கழுவுவது வேறு. உங்களுடையது கழுவ வேண்டிய கேஸ்.

கழுவுவது என்றால் போர்டைத் தனியாக வெளியே எடுத்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், கடைக்காரர்கள் ஐ.பி.ஏ என்பார்கள், அதை ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது. அது தண்ணீரோடு கலந்து அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், சீக்கிரம் ஆவியாகும், எதையும் மிச்சம் வைக்காது. மெடிக்கலில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது இந்த வேலைக்கு இரண்டாம் பட்சம். நல்ல கடைகளில் அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கும், போர்டை அதில் போட்டு அதிர வைத்தால் சிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் அழுக்கும் கிளம்பி வரும். வீட்டில் செய்வதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பும் ஊதுபத்தியும் பக்கத்தில் கூடாது, ஐ.பி.ஏ சட்டென்று தீப்பிடிக்கும். ஆனால் உங்களுடையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்த கேஸ் என்பதால் கழுவினால் மட்டும் போதாமல் போகலாம், எங்கேயோ ஷார்ட் (கரன்ட் தப்பான வழியில் பாய்வது) இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கடைக்குத்தான் போக வேண்டும்.

எந்தக் கடைக்கு? திறக்காமலே மதர்போர்டு போச்சு என்று சொன்னவரிடம் நன்றி சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். போர்டு மாற்றுவதும் போர்டைச் சரிசெய்வதும் இரண்டு வேறு தொழில். உங்களுக்கு வேண்டியது சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவர், அதாவது போர்டில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுகிறவர். போனதும் மைக்ரோஸ்கோப் இருக்கிறதா என்று பாருங்கள், போர்டைக் கழற்றிக் கழுவுவீர்களா என்று கேளுங்கள், எங்கே ஷார்ட் என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பீர்களா என்றும் கேளுங்கள். பல சமயம் போயிருப்பது ஒரு சின்ன கெப்பாசிட்டர் அல்லது சார்ஜிங் பகுதியில் ஒரு சிப்பாக இருக்கும். பொருளின் விலை சொற்பம், அதைக் கண்டுபிடிக்கும் கைக்குத்தான் காசு, அந்தக் காசைப் பேரம் பேசாதீர்கள். புதுச்சேரியில் அண்ணா சாலை, நேரு வீதிப் பக்கம் விசாரித்துப் பார்த்து யாரும் சரிப்படவில்லை என்றால், சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நாள் பஸ் பிடிப்பது தப்பே இல்லை. தண்ணீர் பட்ட போர்டுக்கு யாரும் நீண்ட கேரண்டி தர மாட்டார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம், அது நியாயமும்கூட.

கடைசியாக, உங்கள் பிராஜெக்ட். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஏனென்றால் இதில்தான் நல்ல செய்தி. விண்டோஸ் லேப்டாப் என்றால் பெரும்பாலும் உள்ளே ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி தனிப் பட்டையாக இருக்கும், சூயிங்கம் பட்டை அளவுதான். ஒரே ஸ்க்ரூ. அதைக் கழற்றி யு.எஸ்.பி பெட்டிக்குள் போட்டு நண்பரின் லேப்டாப்பில் செருகினால் ஃபைல் எல்லாம் அப்படியே தெரியும், போர்டு செத்திருந்தாலும் சரி. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். பதற வேண்டாம், லேப்டாப் வாங்கியபோது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் பெரும்பாலும் அந்த எண் அந்தக் கணக்கிலேயே சேமிப்பாகியிருக்கும், போனிலிருந்தே பார்க்கலாம். இப்போது வரும் மேக்புக்குகளில் மட்டும் இந்த வழி கிடையாது. சேமிப்புச் சிப் போர்டோடு பற்றவைத்தது, போர்டு உயிர்பெற்றால்தான் டேட்டா. சில விண்டோஸ் மாடல்களிலும் அப்படி உண்டு, மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். கடையில் லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன்னாலேயே எஸ்.எஸ்.டி-யைக் கழற்றி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஷார்ட் கண்டுபிடிக்க அது அவருக்குத் தேவையில்லை.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர்: சில்வர் பீச்சில் பையைக் கரையில் வைத்திருந்தோம், அலை வந்து நனைத்துவிட்டது. உள்ளே லேப்டாப், அணைத்துத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன், மூடி மேல் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. ஆன் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது, வெயிலில் இருந்தும் எடுத்துவிடுங்கள். மேலே வெள்ளையாகப் பொரிந்திருப்பது உப்பு, உள்ளேயும் அதேதான் படிந்திருக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, எதைக் கொட்டினாலும் இதற்கு இணையாகக் கெடுதல் செய்வது குறைவு. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை உங்களுக்கே விட்டுவிட்டது, போதாததற்குப் பேட்டரியும் ஸ்கிரீனும் சூடானால் அது தனிச் செலவு.

இப்போது சொல்வது காதுக்கு வினோதமாக இருக்கும்: போர்டை மறுபடி தண்ணீரில் கழுவ வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகு, ஸ்கிரீன், ஃபேன் எல்லாவற்றையும் பிரித்த பிறகு, தனிப் போர்டை மட்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர். உப்பு தண்ணீரில் கரையும், ஐ.பி.ஏ-யில் சரியாகக் கரையாது. அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் அந்தத் தண்ணீரை விரட்ட ஐ.பி.ஏ. இதைக் கடைக்காரரிடம் சொன்னால், தொழில் தெரிந்தவர் தலையாட்டுவார். ஹீட் கன்னில் சூடு காட்டிவிட்டு அனுப்புகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பேட்டரியை மறுபடி போடுவது பற்றி: கடல் தண்ணீரில் ஊறிய லித்தியம் பேட்டரியை நான் சார்ஜ் போட மாட்டேன், உங்களையும் போடச் சொல்ல மாட்டேன். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு ஆசிரியை: குழந்தை தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து ஒரு மாசம் ஆகிறது. லேப்டாப் ஓடுகிறது, ஆனால் சில எழுத்துகள் அடிக்கவே மாட்டேன் என்கின்றன, ஒன்று மட்டும் தானாகவே அடித்துக்கொண்டே போகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

பதில்: பேய் இல்லை டீச்சர், கீபோர்டுக்குள் பிளாஸ்டிக் தாள் அடுக்குகள் இருக்கும், அவற்றுக்கு நடுவில் தண்ணீர் புகுந்து உள்ளே இருக்கும் மெல்லிய கோடுகளை அரித்திருக்கும். சிலது அறுந்திருக்கும், அந்த எழுத்து வராது. சிலது ஒட்டிக்கொண்டிருக்கும், அது நிற்காமல் வரும். அந்தத் தாளைச் சுத்தம் செய்து மீட்பது பெரும்பாலும் வீண் வேலை, கீபோர்டை மாற்றிவிடுங்கள். சில மாடலில் கீபோர்டு தனியாகக் கழன்று வரும், மலிவு. சிலதில் மேல் மூடியோடு பிளாஸ்டிக் ஆணிகளால் அடித்திருப்பார்கள், மூடியோடு சேர்த்து வாங்கு என்பார்கள், விலை ஏறும். பொறுமையான மெக்கானிக் அந்த ஆணிகளை உடைத்து வெறும் கீபோர்டை மட்டும் மாற்றித் தருவார், கேட்டுப் பாருங்கள். அதுவரை யு.எஸ்.பி கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் உள்கீபோர்டை முடக்கி வைக்கலாம்.

ஆனால் கீபோர்டு மாற்றும் அன்றைக்கே அடியில் போர்டையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயாவது பச்சை பூத்திருந்தால் இப்போதே துடைத்துவிடலாம். ஸ்கிரீனுக்குப் போகும் ஒயர் செருகும் இடத்தை முக்கியமாகப் பார்க்கச் சொல்லவும், ஸ்கிரீன் விளக்குக்கான கூடுதல் வோல்டேஜ் அந்த வழியாகத்தான் போகிறது, அது பக்கத்துக் காலுக்குத் தாவினால் செலவு கீபோர்டோடு நிற்காது.

அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர்: 2024 ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கடையின் டெஸ்க்டாப், ஒரு லேப்டாப் இரண்டும் முழுகிவிட்டன. பரண் மேல் போட்டு வைத்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கில் பழைய கணக்கு, கல்யாண போட்டோ எல்லாம் இருக்கிறது. இப்போது போட்டுப் பார்க்கலாமா?

பதில்: ஃபெஞ்சலை யார் மறப்பார்கள், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ-க்குக் குறையாமல் கொட்டியது, ஓரிரு நாளிலேயே தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் ஊருக்குள் வந்துவிட்டது. வெள்ளத் தண்ணீர் என்பது மழைத் தண்ணீர் இல்லை, சேறு, சாக்கடை எல்லாம் கலந்தது.

டெஸ்க்டாப்பை மறந்துவிடுங்கள், அதிலும் உள்ளே கரன்ட் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் பிளக்கில் செருக வேண்டாம், 230 வோல்ட் நேராக வரும் இடம் அது. லேப்டாப் பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள், உப்பியிருந்தால் அழுத்தாமல், குத்தாமல் எடுத்து மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். குப்பையோடு சேர்த்து எரிப்பது நம்ம ஊர்ப் பழக்கம், இதில் வேண்டாம், வெடிக்கும்.

உங்கள் சொத்து அந்த ஹார்டு டிஸ்க்தான். சாதாரண ஹார்டு டிஸ்க்குக்குக் காற்று போகச் சின்ன ஓட்டை ஒன்று உண்டு, முழுகியபோது அதன் வழியே சேறு உள்ளே போயிருக்கலாம். உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும், படிக்கும் தலை அதன் மேல் தொடாமல் மிதந்துகொண்டு போகும். நடுவில் ஒரு மண் துகள் போதும், போட்டோ எல்லாம் சுரண்டி எடுத்துவிடும். அதனால் ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காதீர்கள், மூடியைத் திறக்கவும் வேண்டாம். தூசியில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா ரெகவரி நிறுவனத்துக்கு அப்படியே கொடுங்கள். செலவு நிறைய ஆகும், மறைக்கவில்லை. கணக்கை ஆடிட்டரிடம் திரும்ப வாங்க முடியுமா, கல்யாண போட்டோவின் நகல் போட்டோ ஸ்டுடியோக்காரரிடமோ சொந்தக்காரர் போனிலோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், அதற்கு அப்புறம் முடிவு செய்யலாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: வாரண்டியில் இருக்கும் லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி செல்லாது என்கிறார்கள். நான் ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை.

பதில்: சாதாரண வாரண்டியில் தண்ணீர் பட்ட சேதம் பெரும்பாலும் அடங்காது, வாங்கும்போது தனியாகப் பணம் கட்டி எடுத்த விபத்துப் பாதுகாப்புத் திட்டம் இருந்தால்தான் உண்டு. பில்லை எடுத்து அது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், கடைக்காரர் சேர்த்துவிட்டு நாம் கவனிக்காமல் விட்டிருப்போம்.

நீங்கள் கொட்டவில்லை என்பதை நம்புகிறேன். கடலை ஒட்டிய ஊரில் வருஷக்கணக்கில் உப்புக் காற்று பட்டாலும் இணைப்புகளில் அரிப்பு வரும். ஆனால் வாய் வார்த்தையால் பயனில்லை. எந்த இடத்தில் தண்ணீர் பட்டிருக்கிறது என்று போட்டோ கேளுங்கள், மறுப்பதற்கான காரணத்தை சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். ஒரே இடத்தில் வழிந்து காய்ந்த தடம் இருந்தால் அது கொட்டியதுதான், வீட்டில் வேறு யாரையாவது விசாரிக்க வேண்டியிருக்கும். தடம் எதுவும் இல்லாமல், ஒட்டியிருக்கும் ஈரம் காட்டும் ஸ்டிக்கர் நிறம் மாறிவிட்டது என்பது மட்டும்தான் காரணம் என்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள், பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒன்று மட்டும், அதுவரை வெளிக்கடையில் லேப்டாப்பைத் திறக்க விடாதீர்கள், அப்புறம் கம்பெனி பழியை அந்தக் கடைக்காரர் மேல் போட்டுவிடும்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு சின்னக் கேள்வி: ஐ.பி.ஏ கிடைக்கவில்லை, வீட்டில் சானிடைசர் நிறைய இருக்கிறது. பெட்ரோல், தின்னர்கூட இருக்கிறது. எதைப் போட்டுத் துடைக்கலாம்?

பதில்: எதையும் போடாதீர்கள். சானிடைசரில் தண்ணீரும், கை வறண்டு போகாமல் இருக்க கிளிசரினும் இருக்கும், பிசுக்கு அப்படியே தங்கிவிடும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்னும், தீ ஆபத்து வேறு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைக் கூடாரம் மாதிரி விரித்துக் கீபோர்டு பக்கம் கீழே பார்க்கும்படி மேஜை விளிம்பில் கவிழ்த்து, ஃபேன் காற்றில் விட்டுவிட்டு ஐ.பி.ஏ-க்கு ஆன்லைனில் ஆர்டர் போடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் கீ உருகும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். பேட்டரி வெளியே இருக்கும்வரை இரண்டு மூன்று நாள் தாமதம் பெரிதாகக் கெடுதல் செய்யாது.